நீர்மூழ்கிக் கப்பலை விண்வெளிக்கு அனுப்பினால் தாங்குமா?

விசாகப்பட்டினம் கடற்கரையில் மணல்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களே, ஐ.என்.எஸ். குர்சுரா, அதற்குள் வரிசையில் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தேன். 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்த சோவியத் டீசல் நீர்மூழ்கி. 2001-ல் ஓய்வு கொடுத்து, அடுத்த ஆண்டே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான துவாரம்தான் வழி. முதலில் ஒரு காலை நுழைத்து, தலையைத் தாழ்த்தி, இடுப்பைத் திருப்பி, அப்புறம் அடுத்த கால். எனக்குப் பின்னால் வந்தது ஒரு தமிழ்க் குடும்பம். எட்டு ஒன்பது வயதுப் பையன் அந்தத் துவாரத்தின் விளிம்பை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அப்பா, இவ்ளோ கெட்டியா இருக்கே, இதையே ராக்கெட்ல வச்சு மேல அனுப்பலாம்ல?"

"அனுப்புனா வெடிச்சிரும்டா. அங்க ஃபுல்லா வேக்குவம். அப்படியே பிச்சு எறிஞ்சிரும்."

வரிசை நகர்ந்துவிட்டது. முன்பின் தெரியாதவர் பேச்சில் தலையிட எனக்கும் கூச்சம். அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். வெடிக்காது. அந்த இரும்பு ஓடு விண்வெளி வெற்றிடத்தைக் கொஞ்சமும் சிரமமில்லாமல் தாங்கும். அதன் மூடிகளும் சன்னல்களும் தாங்குமா என்பது சந்தேகம்தான். உள்ளே இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள், ஆனால் அவர்களைக் கொல்லப்போவது அந்த அப்பா நினைத்த காரணம் இல்லை.

வெற்றிடம் எவ்வளவு இழுக்கும்?

வெற்றிடம் என்றதும் எல்லாவற்றையும் உறிஞ்சி இழுக்கும் பூதம் ஒன்று நம் மனதில் வந்துவிடுகிறது. அந்தப் பூதத்தின் பலம் எவ்வளவு என்று கிணறு வைத்திருக்கும் எந்த விவசாயியும் சொல்வார்.

எங்கள் வீட்டில் மோட்டார் கிணற்று மேட்டில் இருந்தது. ஒரு கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. ஃபுட்வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள். குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசியில் மெக்கானிக் கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி இருபத்தஞ்சு அடிக்குக் கீழ போயிருச்சுங்க. இனி எத்தன எச்.பி. மோட்டார் போட்டாலும் இழுக்காது. மோட்டாரத்தான் உள்ள இறக்கணும்." கிணற்றுக்குள் பாதியில் திட்டு கட்டி மோட்டாரை இறக்கினோம். தண்ணீர் கொட்டியது.

ஏன் இழுக்காது? மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை என்பதுதான் விஷயம். அது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று தன் எடையால் தண்ணீரை அழுத்த, எதிர்ப்பு இல்லாத குழாய் வழியே தண்ணீர் ஏறுகிறது. காற்றின் எடைக்கு ஓர் அளவு உண்டு. அது தண்ணீரைத் தூக்கிப்பிடிக்கக்கூடிய உயரம் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. குழாயின் மேல்முனையில் விண்வெளிக்கு நிகரான முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் அதற்கு மேல் ஒரு அங்குலம் ஏறாது. நடைமுறையில் கசிவு, உராய்வு எல்லாம் போக இருபத்தைந்து அடி தேறும். 1640-களில் இத்தாலியில் டோரிசெல்லி பாதரசத்தை வைத்து நிறுவிய உண்மையும் எங்கள் மெக்கானிக் சொன்னதும் ஒன்றுதான்.

ஆக, வெற்றிடத்தின் முழுப் பலம் ஒரு சுமாரான கிணற்றின் ஆழம்.

இதைக் கிலோக் கணக்கில் சொன்னால், நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக அழுத்துகிறது. கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குள்ளிருந்தும் அதே அளவு எதிர்த்துத் தள்ளுவதால் நமக்குத் தெரிவதில்லை. கடலுக்குள் இறங்கும்போது ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பொட்டலம் கூடும். குர்சுரா ரக நீர்மூழ்கிகள் 250 மீட்டர் வரை இறங்கக் கூடியவை. அங்கே நகம் அளவு இடத்தில் 25 கிலோ கூடுதல். உள்ளே மாலுமிகள் சுவாசிப்பது நம் வீட்டுக் காற்றழுத்தம்தான், ஆகவே அந்த 25 கிலோவையும் ஓடு தனியாகச் சுமக்க வேண்டும்.

விண்வெளியில்? உள்ளே ஒரு கிலோ, வெளியே பூஜ்யம். வித்தியாசம் ஒரே ஒரு கிலோ. இருபத்தைந்து கிலோ சுமந்து பழகியவன் தோளில் ஒரு கிலோப் பை.

அடுப்படியில் ஒரு விண்கலம்

இந்த ஒரு கிலோ எப்படிப்பட்டது என்று பார்க்க அடுப்படிக்குப் போனால் போதும். சாதாரண பிரஷர் குக்கரில் அழுத்தம் "1 கிலோ / சதுர செ.மீ." என்று போட்டிருப்பார்கள். வெளியே இருக்கும் காற்றைவிட உள்ளே இருக்கும் நீராவி அவ்வளவு கூடுதலாக அழுத்தும்போது வெயிட் எழும்பி விசில் அடிக்கும். பருப்பு வெந்து முதல் விசில் வரும் அந்தக் கணத்தில், உங்கள் குக்கரின் அலுமினியச் சுவர் சுமக்கும் அழுத்த வித்தியாசமும் தலைக்கு மேல் 400 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் சுவர் சுமப்பதும் அநேகமாக ஒன்றே. அந்த நிலையத்தின் அமெரிக்க ஆய்வுக்கூடமான டெஸ்டினியின் அழுத்தச் சுவரும் அலுமினியக் கலவைதான். தடிமன் 4.8 மில்லிமீட்டர். (அதற்கு வெளியே விண்கல் துகள்களுக்காகத் தனிக் கவசம் உண்டு, அது வேறு கதை.)

அமெரிக்கர்கள் நிலவில் இறங்கிய கலத்தின் உலோகத் தோல் சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர்தான். அதற்குள் முழுக் காற்றழுத்தம்கூட வைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜன். எடையைக் குறைக்க அவ்வளவு தூரம் போனார்கள்.

ஈர்க்குச்சி சொல்லும் கணக்கு

இனி கொஞ்சம் நுட்பமான இடம். பையன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் இங்கே ஒரு கேள்வி கேட்பான் என்று நினைக்கிறேன்: "கடல் உள்பக்கமா அமுக்குது, இங்க வெளிப்பக்கமால்ல தள்ளுது? அப்ப வேற மாதிரி இல்லையா?"

வேறு மாதிரிதான். தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் பிடித்து நேராக இழுங்கள். அறுவது சுலபமில்லை. அதே குச்சியை இரண்டு முனையிலிருந்தும் உள்நோக்கித் தள்ளுங்கள். வில்லாக வளைந்து முறிந்துவிடும். இழுக்கும்போது குச்சியில் இருக்கும் சிறு கோணல்கள் நிமிர்கின்றன. தள்ளும்போது அதே கோணல்கள் பெரிதாகின்றன.

உருண்டையான பாத்திரத்துக்கும் இதுவே விதி. உள்ளிருந்து அழுத்தினால் சுவர் முழுக்க இழுபடும். லேசான நெளிசல் இருந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து அழுத்தினால் சுவர் நசுக்கப்படும். எங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதோ அங்கே ஆரம்பித்து மொத்தமும் உள்ளே மடியும். கூல்டிரிங்க்ஸ் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறக்கும்முன் அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். உள்ளே காற்றழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வாயு. குடித்து முடித்ததும் வாயை வைத்துக் கொஞ்சம் உறிஞ்சுங்கள், சப்பென்று ஒட்டிக்கொள்ளும்.

ஆகையால் நீர்மூழ்கிக்குக் கடல்தான் கடினமான பரீட்சை. விண்வெளியில் சுமையும் குறைவு, சுமை வரும் திசையும் சாதகம்.

இதற்கு நேர்மாறான ஒரு கொடுமையும் நடந்திருக்கிறது. 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் சிதைவைப் பார்க்க இறங்கி, ஐந்து பேருடன் நொறுங்கிய டைட்டன் என்ற கலத்தின் உடல் கார்பன் ஃபைபர். இரு முனையிலும் டைட்டானியத் தொப்பி. கார்பன் ஃபைபர் மட்டமான பொருள் இல்லை. ராக்கெட்டுகளிலும் விமானங்களிலும் கொண்டாடப்படுவது. உயர் அழுத்த வாயுத் தொட்டிகளை அதை வைத்துத்தான் சுற்றுகிறார்கள். ஆனால் அதன் பலம் முழுவதும் நார்களை இழுக்கும்போதுதான். நசுக்கும்போது நார்கள் வளையப் பார்க்கும், அடுக்குகள் பிரியப் பார்க்கும். ஈர்க்குச்சியின் பிரச்சினை ஆயிரமாயிரம் நார்களுக்கு. விண்வெளிக்கு ஏற்ற பொருளைக் கடலடிக்கு எடுத்துப் போனதைப் பொறியாளர்கள் முன்பே எச்சரித்தும் இருந்தார்கள்.

இரண்டு கோளங்கள்

இந்தக் கேள்வியைத் தன் வாழ்க்கையாலேயே ஆராய்ந்த மனிதர் ஒருவர் இருந்தார். சுவிட்சர்லாந்தின் ஒகுஸ்த் பிக்கார். 1931 மே 27 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து, உதவியாளர் பவுல் கிப்ஃபருடன், ஹைட்ரஜன் பலூனில் தொங்கிய ஓர் அலுமினியக் கோளத்துக்குள் உட்கார்ந்து 15,781 மீட்டர் உயரத்துக்குப் போனார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் தரையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. கோளத்தின் சுவரைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய விண்வெளிதான். அந்தக் கோளத்தின் விட்டம் சுமார் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் வெறும் 3.5 மில்லிமீட்டர்.

அடுத்து அவரே கோளத்தைத் தலைகீழாக யோசித்தார். மேலே தூக்கப் பலூன், கீழே தொங்கும் கோளம். இதையே கடலுக்குள் செய்தால்? பலூனுக்குப் பதில், தண்ணீரைவிட லேசான பெட்ரோல் நிரப்பிய மிதவை. அதன் கீழே மனிதர் உட்காரும் கோளம். இந்த வரிசையில் வந்த திரியெஸ்தே என்ற கலத்தில் 1960 ஜனவரி 23 அன்று அவர் மகன் ஜாக் பிக்காரும் அமெரிக்கக் கடற்படையின் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடியைத் தொட்டார்கள். ஏறத்தாழ 10,900 மீட்டர். கோளத்தின் பருமன் அப்பாவின் பலூன் கோளத்தை ஒட்டியதுதான். சுவரின் தடிமன் 12.7 சென்டிமீட்டர் எஃகு.

ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே அளவு உருண்டை. மேலே போக 3.5 மில்லிமீட்டர். கீழே போக 127 மில்லிமீட்டர்.

நம் ஊரிலும் இப்படி ஓர் உருண்டை தயாராகிறது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மத்ஸ்யா 6000. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்கான கலம். 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கலவை. விட்டம் அப்படியே பிக்காரின் பலூன் கோளத்துடையது! ஒரு சுவாரசியம்: கோளத்தின் பாகங்களை எலக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கும் வேலையில் இஸ்ரோ துணை நிற்கிறது. அந்தப் பற்றவைப்பு வெற்றிட அறைக்குள் நடப்பது. கடலுக்குப் போகப்போகிற உருண்டை வெற்றிடத்தில் பிறக்கிறது.

6000 மீட்டரில் மத்ஸ்யாவின் மேல் காற்றழுத்தத்தைப் போல 600 மடங்கு. அதையே விண்வெளியில் விட்டால் ஒரே மடங்கு, அதுவும் வெளிப்பக்கமாக. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சுவரில் ஏற்படும் இழுவிசை, டைட்டானியக் கலவை தாங்கக்கூடியதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த உலோகத்துக்கு விண்வெளி வந்ததே தெரியாது.

மூடியும் சன்னலும்

ஓட்டின் கதை முடிந்தது. கதவுக்கு வருவோம். பையனின் அப்பா சொன்னதில் பாதி சரியாக இருக்கக்கூடிய இடம் இதுதான்.

மறுபடி குக்கர். நம் வீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மூடியை ஓரமாகச் சாய்த்து உள்ளே விட்டு, அடியிலிருந்து விளிம்பில் பொருத்துவோம். உள்ளே அழுத்தம் ஏற ஏற மூடி தானே இறுகும்; அழுத்தம் அடங்கும்வரை யார் நினைத்தாலும் திறக்க முடியாது. இன்னொன்றில் மூடி மேலே உட்கார்ந்து, காதுகள் பூட்டிக்கொள்ளும். அதில் அழுத்தம் மூடியைத் தூக்கி எறியப் பார்க்கிறது, காதுகள்தான் பிடித்துவைக்கின்றன. இருபது சென்டிமீட்டர் மூடி என்றால், விசில் அடிக்கும்போது அதை மேலே தள்ளும் விசை முந்நூறு கிலோவுக்கு மேல். காஸ்கெட் தேய்ந்தும் காது வளைந்தும் போன குக்கரை நான் நம்புவதில்லை.

நீர்மூழ்கியின் மூடி வெளிப்பக்கமிருந்து வந்து உட்காருவது. 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூடி என்று வைத்துக்கொண்டால், 250 மீட்டர் ஆழத்தில் கடல் எழுபது டன் விசையோடு அதை அழுத்தி ரப்பர் வளையத்தின் மேல் உட்காரவைக்கிறது. ஆழம் கூடக்கூட மூடி இறுகும். பூட்டுகளின் வேலை, கடல் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்வரை பிடித்து வைப்பதும், உள்ளே காற்று கொஞ்சம் கூடினால் சமாளிப்பதும்தான். விண்வெளியில் கடல் இல்லை. உள்ளே இருக்கும் காற்று அதே மூடியை ஏறக்குறைய மூன்று டன் விசையோடு வெளியே தள்ளும். அந்தப் பூட்டுகள் மூன்று டன்னைத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்கினாலும், ரப்பர் வளையத்தின் மேல் அழுத்தம் குறைந்து காற்று கசிய ஆரம்பிக்கும்.

சன்னல் இன்னும் மோசம். ஆழ்கடல் கலங்களின் சன்னல் தட்டையான கண்ணாடி இல்லை. தடித்த அக்ரிலிக் கட்டையைக் கூம்பாகச் சீவி, அகலமான முகம் கடல் பக்கமும் குறுகலான முகம் உள்பக்கமுமாகப் பொருத்தியிருப்பார்கள். ஜாடியில் கார்க் மாதிரி. கடல் தள்ளத் தள்ள இன்னும் இறுக்கமாக உட்காரும். பிக்கார்களுக்குப் பிடித்த யோசனை இது. இதையே விண்வெளிக்குக் கொண்டுபோனால் உள்ளிருக்கும் காற்று கார்க்கைப் பின்பக்கமிருந்து தள்ளும். வெளியே பிடிக்கும் வளையமும் திருகுகளும் கடல் அலையில் சன்னல் கழன்று விழாமல் இருக்க வைத்தவை. டன் கணக்கில் தள்ளும் விசையை எதிர்பார்த்து வைத்தவை இல்லை.

விண்வெளிக்காரர்கள் முடிந்த இடத்தில் உள்மூடிக் குக்கர் முறையைக் கையாள்கிறார்கள், காற்றே கதவை இறுக்கட்டும் என்று. ஆனால் அந்த முறைக்கும் ஒரு கொடூரமான விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலத்தை ஏவுதளத்தில் வைத்துச் சோதிக்கும்போது உள்ளே தீப்பிடித்தது. கதவு உள்பக்கமாகத் திறப்பது. தீயால் உள்ளே அழுத்தம் எகிற, கதவைத் திறக்கவே முடியவில்லை. மூன்று வீரர்களும் இறந்தார்கள். அதன்பின் வெளிப்பக்கமாக நொடிகளில் திறக்கும் கதவை வடிவமைத்தார்கள்.

சரி, ஏதோ ஓரிடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. என்ன ஆகும்? நாம் கற்பனை செய்வதைவிட மெதுவாகவே எல்லாம் நடக்கும். 2018 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த ஒரு சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீட்டர் துளை இருந்தது. அழுத்தம் மெல்லக் குறைவதைத் தரைக் கட்டுப்பாட்டு மையம் கவனித்தது. தேடிக் கண்டுபிடித்து, முதலில் டேப் ஒட்டி, பிறகு எபாக்சிப் பசையால் அடைத்தார்கள். பிக்காரின் 1931 கோளத்திலும் ஏறும்போதே ஒரு கசிவு. சணல் நாரையும் வாஸ்லினையும் பிசைந்து அடைத்துவிட்டு மேலே போனார்! இதே துளை 250 மீட்டர் ஆழத்தில் இருந்தால், மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஊசியாகத் தண்ணீர் பீய்ச்சும். அதன்மேல் வாஸ்லின் தடவிப் பாருங்கள்.

அதற்காக விண்வெளிக் கசிவு விளையாட்டு என்று சொல்ல வரவில்லை. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 பூமிக்குத் திரும்பும்போது, 168 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சிறு வால்வு திறந்துகொண்டது. கலம் கொஞ்சமும் சேதமில்லாமல் பாராசூட்டில் தரையிறங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே மூவரும் இறந்திருந்தார்கள். அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. ஓடு தாங்குவது வேறு, ஆள் தாங்குவது வேறு.

பிளாஸ்கில் ஊற்றிய டீ

மூடிகளைப் பலப்படுத்தி, சன்னலைத் திருப்பிப் பொருத்தி, கசிவு ஒன்றுமில்லாமல் அனுப்பிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீர்மூழ்கி விண்கலம் ஆகாது. என் கணிப்பில் உண்மையான எதிரி வெப்பம்.

விண்வெளி கடுங்குளிர் என்று சொல்லிச் சொல்லி நம்மைக் குழப்பிவைத்திருக்கிறார்கள். டீக்கடையில் பிளாஸ்கில் டீ வாங்கி வருகிறோம். நாலு மணி நேரம் ஆனாலும் சூடு இறங்குவதில்லை. பிளாஸ்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருப்பது வெற்றிடம். சூட்டை எடுத்துப்போகக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. விண்வெளியில் மிதக்கும் நீர்மூழ்கிதான் அந்த டீ.

கடலில் இருக்கும்வரை நீர்மூழ்கிக்கு வெப்பம் ஒரு கவலையே இல்லை. சுற்றிலும் குளிர்ந்த நீர். அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கி, உலையில் கிளம்பும் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கடல்நீரில் கொட்டிவிட்டுத்தான் ஓடுகிறது. மேலே போய் உலையை இயக்கினால் கொட்ட இடமில்லை. நிறுத்திவிடலாமே என்றால், நிறுத்திய கணத்திலும் முழுத்திறனில் ஆறேழு சதவீத வெப்பம் வந்துகொண்டே இருக்கும், மெல்லத்தான் தணியும். 2011-ல் ஃபுகுஷிமாவில் உலைகள் நின்ற பிறகுதான் உருகின.

குர்சுரா போன்ற டீசல் கப்பல் என்றால்? டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், ஆகவே பேட்டரிதான். விளக்கு, விசிறி, கருவிகள் எல்லாம் சூடு. ஆட்களும் சூடுதான், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் பல்பு. எழுபது பேர் என்றால் ஏழு கிலோவாட், மூச்சு விடுவதற்கே. இவ்வளவு வெப்பத்தையும் ஓடு வெறும் கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற முடியும். அதன் வெளிப்பக்கம் கறுப்பு. கறுப்பு நன்றாகவே வெப்பத்தைக் கதிர்வீசும், ஆனால் வெயிலையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். பூமிக்கு அருகில் வெயிலுக்குப் பக்கவாட்டில் கிடக்கும் ஒரு கறுப்பு உருளைக்குக் கணக்குப் போட்டால், உள்ளே ஒரு பல்புகூட எரியாமல் சராசரி 20 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அதற்குமேல் உள்ளே உண்டாகும் ஒவ்வொரு வாட்டும் சூட்டைக் கூட்டும். சராசரி என்று சொன்னேன். வெயில் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும், நடுவில் வெல்டிங் தையல்கள் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்கும்.

விண்வெளி நிலையத்தின் படங்களில் நீலச் சூரியத் தகடுகளுக்குச் செங்குத்தாக வெள்ளைப் பலகைகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெப்பத்தை வெளியேற்றுவதற்கானவை. உள்ளே அம்மோனியா ஓடுகிறது. அந்தப் பலகைகள் நின்றால் நிலையத்தைப் பாதி அணைத்துப் போட வேண்டியதுதான்.

பிக்கார் இதையும் முன்பே அனுபவித்தவர். தன் கோளத்தின் ஒரு பாதிக்குக் கறுப்பு வண்ணம், மறு பாதியைப் பளபளப்பாக விட்டார். குளிர்ந்தால் கறுப்புப் பக்கத்தைச் சூரியனுக்குத் திருப்புவது, சூடானால் மறுபக்கம். நல்ல யோசனை. மேலே போனதும் திருப்பும் பொறி வேலை செய்யவில்லை. கறுப்புப் பக்கம் சூரியனையே பார்த்துக்கொண்டு நிற்க, உள்ளே புழுங்கித் தவித்தார்கள். எடுத்துப்போன தண்ணீர் போதாமல் சுவரில் வேர்த்த துளிகளை நக்கினார்கள்.

மற்றவை

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஊட்டியில் சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகும், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. வெற்றிடத்தில் அதன் உச்சகட்டம். அழுத்த ஓட்டுக்கு வெளியே தேங்கியிருக்கும் தண்ணீர் எல்லாம் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து, மிச்சம் பனிக்கட்டியாகும். புரொப்பல்லர் தண்டு ஓட்டின் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் அமைப்புக்குத் தண்ணீர்தான் மசகு. அது ஆவியாகிவிட்டால் அங்கே ஒரு கசிவு உறுதி. திரியெஸ்தேயை அனுப்பினால் அடிப்பக்கம் திறந்திருக்கும் மிதவையில் இருந்த எண்பத்தைந்தாயிரம் லிட்டர் பெட்ரோலும் புகையாகிப் போகும்.

எடை? மத்ஸ்யாவின் டைட்டானிய உருண்டை மட்டுமே, என் கணக்கில், ஐந்து டன்னுக்கு மேல். அதே விட்டத்தில் பிக்கார் செய்தது போல் 3.5 மில்லிமீட்டர் அலுமினியத்தில் செய்தால் சுமார் 130 கிலோ. நம்முடைய பெரிய ராக்கெட்டான எல்.வி.எம். 3 தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு ஏற்றக்கூடியது எட்டு டன். குர்சுரா ஏறத்தாழ இரண்டாயிரம் டன். துண்டு துண்டாக வெட்டி ஏற்றினாலும் இருநூற்றைம்பது ராக்கெட்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீர்மூழ்கிக்காரர்களும் விண்வெளிக்காரர்களும் உடன்பிறந்தவர்கள்: மூச்சு. அடைத்த டப்பாவுக்குள் ஆக்சிஜன் உண்டாக்கவும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சவும் இரண்டு பேரும் கையாள்வது ஒரே வித்தைகள். தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பது, லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பா, அவசரத்துக்குக் கொளுத்தினால் ஆக்சிஜன் விடும் உப்பு உருளை. ஆபத்தும் ஒன்றே. 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் நிலையத்தில் அப்படி ஓர் உருளை தீப்பிடித்துப் புகை மூட்டியது. எல்லோரும் தப்பினார்கள். 2007 மார்ச்சில் ஆர்க்டிக் பனிக்கு அடியில் இருந்த பிரிட்டனின் டயர்லெஸ் நீர்மூழ்கியில் அதே வகை உருளை வெடித்தது. இரண்டு மாலுமிகள் இறந்தார்கள்.

திருப்பிப் போட்டால்

விண்கலத்தைக் கடலில் இறக்கினால் தாங்குமா என்று அந்தப் பையன் கண்டிப்பாக அடுத்துக் கேட்டிருப்பான். பிக்காரின் 3.5 மில்லிமீட்டர் அலுமினிய உருண்டைக்குக் கணக்குப் போட்டேன். ஒரு நெளிசலும் இல்லாத கச்சிதமான கோளமாக இருந்தால் தொண்ணூறு மீட்டர் வரை போகும் என்கிறது சூத்திரம். நிஜக் கோளங்களில் நெளிசல் இருக்கும், துவாரம் இருக்கும், வெல்டிங் இருக்கும். சூத்திரம் சொல்வதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிர்ஷ்டம். இருபது மீட்டரைத் தாண்டுவது கடினம். நிலவில் இறங்கிய கலத்தின் காகிதத் தோலுக்கு ஒரு நல்ல கிணறே அதிகம்.

விண்வெளி வீரர்கள் தண்ணீருக்கு அடியில் பயிற்சி எடுப்பது உண்மை. ஹூஸ்டனில் இதற்காகவே 12 மீட்டர் ஆழத்தில் ஒரு பிரம்மாண்டமான குளம் இருக்கிறது. அதன் அடியில் விண்வெளி நிலையத்தின் பாகங்களை முழு அளவில் செய்து இறக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள்ளே காற்று கிடையாது. உள்ளும் புறமும் தண்ணீர்தான்.